சீக்கிரம் முடிப்பவனுக்கு இன்னொரு தாள் வேண்டாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் வாய்ப்பாட்டுக்கே தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பலகையில் கேள்வியை எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடும் பையன் ஒருவனும் இருக்கிறான். "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்பான். அப்புறம் பக்கத்துப் பையனின் அழிப்பானைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இதற்கு நம் பள்ளிகளில் வழக்கமாக இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, இன்னொரு பயிற்சித்தாள். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை அது. விவரமான பிள்ளை மறுநாளே மெதுவாகச் செய்யப் பழகிவிடும். இரண்டாவது, "போய் அவனுக்குச் சொல்லிக் கொடு". எப்போதாவது என்றால் சரி. தினமும் என்றால் அந்தப் பிள்ளை தனக்கென்று புதிதாக எதைக் கற்கும்?

மீத்திறன் மாணவர் கல்வி பற்றி எழுதிய அமெரிக்கர் ஜோசப் ரென்சுல்லி சொன்ன வழி வேறு. தெரிந்த பாடத்தைச் சுருக்கி, மிச்சமாகும் நேரத்தை வேறு நல்ல வேலைக்குக் கொடுப்பது. இதை வகுப்பில் செய்ய எனக்குக் கைகொடுத்தது 'கடினமானது முதலில்' என்ற எளிய முறை. பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்குகளுக்கு நட்சத்திரம் போடுவேன். விரும்புகிற யாரும் அவற்றை முதலில் செய்யலாம். கால் மணி நேரத்துக்குள் அவற்றில் குறைந்தது நான்கு சரியாக வந்தால் மீதிப் பயிற்சி வேண்டாம்.

'யாரும்' என்பதில்தான் விஷயமே. அந்தப் பையன் முதல் நாளே தாண்டினான், அதில் ஆச்சரியம் இல்லை. கூடவே தாண்டிய ஒரு பெண் பிள்ளையைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. கோழிக் கிறுக்கல் கையெழுத்து, சோதனையில் நடுத்தரப் புள்ளி, சுலபமான கணக்குகளைப் பாதியில் விட்டுவிடும் பழக்கம். பெயர்ப்பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தால் அவள் பெயர் வந்தே இருக்காது.

மிச்ச நேரத்துக்கு என்ன கொடுப்பது? இங்கே எனக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, உதவியது. பையனின் அப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஆலையின் எடைச்சீட்டு மாதிரி ஒன்றை எழுதிக் கொடுத்தேன்: பாரத்தோடு 14.62 டன், காலி லோரி 5.18 டன். குலை எவ்வளவு? அதில் சுமார் 20 விழுக்காடு எண்ணெய் என்றால் எவ்வளவு? 9.44 டன், 1.888 டன் என்று இரண்டு பேரும் போட்டுவிட்டார்கள். உடனே அந்தப் பிள்ளை, "மீதி எல்லாம் எங்க போவுது டீச்சர்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. விசாரித்து வரச் சொன்னேன். காலிக் குலை உரமாகத் தோட்டத்துக்கே திரும்புவது, நாரும் கொட்டை ஓடும் ஆலையின் கொதிகலனில் எரிவது, பருப்பிலிருந்து இன்னொரு வகை எண்ணெய் எடுப்பது என்று வீட்டில் கேட்டு வந்து படம் வரைந்தார்கள். அதிலிருந்து விழுக்காடு, பின்னம், வட்டக் குறிவரைவு எல்லாம் தானாக வந்தன.

எதிர்ப்பும் வந்தது. "ஏன் டீச்சர், மத்த பிள்ளைங்க இருபது கணக்கு செய்யுது, என் பையனுக்கு மட்டும் அஞ்சா?" என்று அவன் அம்மா நேரில் வந்து கேட்டார். கணக்குப் புத்தகத்தில் காலிப் பக்கம் இருந்தால் நம் பெற்றோருக்கு மனசு ஆறாது. ஐந்து கணக்குகளையும் அந்த எண்ணெய்ப் படத்தையும் காட்டிய பிறகுதான் சமாதானமானார். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தாகிவிட்டாலும், பக்கக் கணக்கில் படிப்பை அளக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

பையனின் தாத்தா வேறொன்று கேட்டார்: முன்பு போல மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குத் தாண்டிவிட முடியாதா? 1996 முதல் 2000 வரை பி.டி.எஸ். தேர்வு எழுதித் தாண்டிய பிள்ளைகள் அவர் நினைவில் இருக்கிறார்கள். அந்த வழி இப்போது இல்லை. பாங்கி நகரில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மீத்திறன் மாணவர் மையம் இருக்கிறது, முயலலாம் என்றேன். ஆனால் அங்கே போனாலும் போகாவிட்டாலும் நாளைக் காலை அவன் என் வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

கேள்வி தயாரிக்கும் வேலை கூடியது உண்மை. எல்லாப் பாடத்துக்கும் என்னால் முடியவில்லை. கணிதத்தில் மட்டும் செய்கிறேன். இருவருக்கும் எந்தத் தலைப்புகளைத் திரும்ப நடத்தத் தேவையில்லை என்று ஒரு பக்கம் எழுதி, ஐந்தாம் ஆண்டு ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.