ஓரத்தில் எழுத்து இருக்கோ?

கொழும்பு கோல்பேஸ் கடற்கரையில் ஒரு ஞாயிறு பின்னேரம் முழுக்க நின்று, பட்டம் விடும் பிள்ளைகளை எடுத்த ரோல் அது. கறுப்பு வெள்ளைப் பிலிமை நான் வீட்டிலேயே டெவலப் செய்கிறேன். மருந்து ஊற்றும் டாங்கைத் திறந்து, உள்ளே ரீலில் சுற்றியிருந்த பிலிமை உருவினால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. 36 படத்தில் ஒன்றுகூட இல்லை. அதைக் குளியலறைக் கொடியில் தொங்கவிட்டு, யாழ்ப்பாணத்தில் வெகுகாலம் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவருக்குப் போன் எடுத்தேன். அப்பாவின் சிநேகிதர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஷட்டர் பழுதோ, லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தேனோ என்று நான் அடுக்கிக்கொண்டு போக, இடையில் வெட்டி ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ஓரத்தில எழுத்து இருக்கோ?"

பிலிமின் ஓரத்தில், துளைகளை ஒட்டி, பிலிமின் பெயரும் பட எண்களும் வரும் அல்லவா, அதைத்தான் கேட்டார். அவற்றைத் தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்து விடுகிறார்கள். நம் கமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஒளி பட்ட இடத்தைக் கறுப்பாக்கும் மருந்தான டெவலப்பர் வேலை செய்தால் அவை கறுப்பாக எழுந்து வரும், அவ்வளவுதான். என் பிலிமில் எழுத்தும் இல்லை.

"அப்ப கமராவைத் திட்டாதை. உன்ர போத்தலைப் போய்ப் பார்."

பார்த்தேன். இரண்டு போத்தலும் ஒரே உயரம், ஒரே மண்ணிறம். டெவலப்பர் என்று நினைத்து முதலில் ஊற்றியது பிக்ஸரை. டெவலப் ஆகாமல் மிஞ்சும் வெள்ளி உப்பைக் கரைப்பதுதான் பிக்ஸரின் வேலை. எதுவுமே டெவலப் ஆகாதபோது ஊற்றினால் இருந்த எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மீட்க வழியே இல்லை. இப்போது பிக்ஸர் போத்தலின் கழுத்தில் இரண்டு இறப்பர் வளையம் கட்டியிருக்கிறேன்.

அதன் பிறகு எந்த ரோல் பிழைத்தாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கிறேன். ஆடிவேல் தேர் காலி வீதியால் வந்தபோது எடுத்த ரோலும் வெறுமையாகத்தான் வந்தது. ஆனால் ஓரத்து எழுத்து அச்சடித்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது. அதாவது மருந்தில் பிழை இல்லை, பிலிமில் ஒளியே படவில்லை. பிலிமின் நாக்கு உள்ளே இருக்கும் சுருளில் மாட்டுப்படாமல் நழுவியிருக்கிறது. நான் தேருக்குப் பின்னால் ஓடி ஓடிக் காற்றைத்தான் படம் எடுத்திருக்கிறேன். லீவரை இழுக்கும்போது இடப்பக்கத் திருகுபிடியும் சேர்ந்து சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

படம் மெலிந்து வந்தாலும் இதே விசாரணைதான். எழுத்து நல்ல கறுப்பு, படம் மட்டும் சோகை என்றால் வெளிச்சம் போதாமல் எடுத்திருக்கிறோம். எழுத்தும் சேர்ந்து சாம்பலாக இருந்தால் டெவலப்பர் பழசு, அல்லது நேரம் போதவில்லை. எழுத்து தடித்து, கசிந்து பரவியிருந்தால் அளவுக்கு மிஞ்சி வெந்துவிட்டது. கொழும்பில் இந்தக் கடைசி வியாதிதான் அதிகம் என்பது என் எண்ணம்.

காரணம் தண்ணீர். பிலிம் பெட்டியோடு வரும் அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக் குழாயில் விடியற்காலையிலேயே 28, 29 காட்டும். மத்தியானம் மேலே டாங்கி வெயிலில் காய்ந்து வரும் தண்ணீரில் தேயிலைதான் போடவில்லை. எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து செய்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். நான் தொடக்கத்தில் தெர்மோமீட்டர் இல்லாமல், குழாய்த் தண்ணீரில் அதே 13 நிமிடம் ஆட்டினேன். நெகட்டிவ் தார் பூசிய மாதிரி வந்தது. ஜன்னலில் பிடித்தாலும் வானம் ஊடுருவவில்லை.

சரி, சூடு கூடினால் நேரத்தைக் குறைக்கலாமே என்று தோன்றும். குறைக்கலாம், ஒரு எல்லை வரைக்கும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து ஊற்றி முடிக்கும் வேகமும் ஆட்டும் விதமும் படத்தில் தெரியத் தொடங்கும். தண்ணீர் கலக்காத டெவலப்பரில் மூன்றரை நிமிடத்தில் முடித்த ஒரு ரோல் இருக்கிறது. தெகிவளைக் கடற்கரை, தண்டவாளம், மேலே வெறும் வானம். அந்த வானத்தில் ஒவ்வொரு துளைக்கும் நேரே ஒரு புகைக்கோடு எழும்பி நிற்கிறது. துளை வழியாக மருந்து பீறிட்ட இடம் அது.

அதற்காக 20 டிகிரிக்கு இறக்கவும் நான் இப்போது மினக்கெடுவதில்லை. ஐஸ் போட்டு டெவலப்பரை 20க்குக் கொண்டுவந்து, கடைசியில் 29 டிகிரிக் குழாயில் கழுவினால் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் ஒரேயடியாக ஊதி இளகும். பழைய பிலிம்களில் அது வலைபோல வெடித்துவிடும் என்பார்கள். இப்போதைய பிலிம்கள் உறுதியானவை, எனக்கு வெடித்ததில்லை. ஆனால் ஊறிய படலத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து வழித்தேன் பாருங்கள், தலையில் இருந்து கால் வரை மூன்று கீறல். இன்றுவரை பிலிமை விரலால் வழிப்பதில்லை.

என் வழி இதுதான்: எல்லாமே 24 டிகிரி. மீன் கழுவுகிற பெரிய பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் விட்டு, ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மிதக்க விட்டு, டெவலப்பர், பிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் அதற்குள் நிறுத்தி வைப்பேன். ஐஸ் கட்டியை நேரே மருந்துக்குள் போடக்கூடாது, உருகி நீர்த்துவிடும். 24இல் அந்த 13 நிமிடம் 9க்குக் கிட்ட வரும். ஆற அமரச் செய்யலாம். ("தம்பி, அந்த பேசினைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டு வராதை" என்று அம்மா சொல்லிவிட்டார். நியாயம்தான். அவருக்குப் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.)

சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள் வந்தால் காற்றுக் குமிழ். நெகட்டிவில் வெறுமையாக, அச்சிட்ட படத்தில் கறுப்பாக விழும். ஊற்றியவுடன் டாங்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் போய்விடும். நெகட்டிவ் பால் பூத்திருந்தால் பயப்படத் தேவையே இல்லை. புது பிக்ஸரில் திரும்பப் போடுங்கள், தெளியும்.

காய்ந்த நீர்க்கறை வேறு கதை. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒருமுறை கழுவினேன். சுண்ணாம்புக்கல் நிலம், கேட்க வேண்டுமா, கேத்தலில் வெள்ளை படிகிற தண்ணீர். ரோல் முழுக்க அம்மைத் தழும்பு. கொழும்புக் குழாய்த் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் கடைசி அலசலுக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான், அதில், தண்ணீர் துளியாகத் தங்காமல் வழிந்தோட வைக்கும் ஃபோட்டோ-ஃப்ளோ சில துளி. நுரை வந்தால் கூடிப்போச்சு என்று அர்த்தம்.

2022 மார்ச்சில் 13 மணி நேரம் கரண்ட் நின்ற நாள் வந்ததே, அந்தக் கிழமையின் ஓர் இரவில் எனக்கு ஒரு யோசனை. ஊரே இருட்டு, குளியலறை ஜன்னலை மூடக்கூடத் தேவையில்லை, இருட்டில்தான் ரீலில் சுற்ற வேண்டிய ஒரு ரோலை ஏற்றிவிடலாம். சுவிட்ச் போட்டபடி இருந்ததை மறந்துவிட்டேன். பாதிப் பிலிம் ரீலில் ஏறியிருக்க, தலைக்கு மேலே லைட் எரிந்தது. கீழ்வீட்டில் பிள்ளைகள் கை தட்டிக் கூச்சல் போட்டார்கள். டெவலப் செய்து பார்த்தால், கையில் சுருளாக இருந்த பாதியில் ஒவ்வொரு சுற்றிலும் மேல் சுற்றின் துளைகள் கறுப்புக் கட்டங்களாக வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. சிநேகிதன் ஒருவன் அதைப் பார்த்து "லயனல் வென்ட் ஸ்டைல்" என்றான். வென்ட் இலங்கையின் பழைய புகைப்படக் கலைஞர், படத்தில் கறுப்பும் வெள்ளையும் பாதி தலைகீழாகும் சொலரைசேஷனை வேண்டுமென்றே செய்தவர். அதற்கு டெவலப் ஆகும் நடுவில் ஒளி காட்ட வேண்டும். என்னுடையது டெவலப்பருக்கு முன்பே பட்ட ஒளி, வெறும் பழுது.

இப்போது தீராமல் இருப்பது ஒன்றுதான். கடைசி நான்கு ரோலிலும் மேல் விளிம்பில் இருந்து ஒரு விரற்கடை கீழே, மயிர் போல ஒரு நேர்க்கோடு. படத்துக்கும் படத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் தாண்டி ஓடுகிறது. சாய்த்துப் பார்த்தால் முதுகுப் பக்கத்தில் மினுங்குகிறது. அப்படியென்றால் கமராவின் பின்தகட்டில் மணல் ஒட்டியிருக்கலாம், கோல்பேஸ் மணலாகத்தான் இருக்கும். தகட்டைத் துடைத்துவிட்டு நேற்று ஒரு புது ரோல் போட்டேன். எட்டாவது படத்தில் நிற்கிறது.