அண்ணம் தைத்தாயிற்று, காதைப் பாருங்கள்

மகள் அண்ணப் பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரை பிளந்தபடி பிறந்தவள். ஒரு வயதளவில் அண்ணம் தைத்ததும் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் எல்லாரும் "இனிப் பயமில்லை" என்றார்கள். காதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாயைத் திறப்பது அண்ணத்திலுள்ள ஒரு தசை. பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு அது சரியான இடத்தில் பொருந்தியிருக்காது. காற்றுப் போகாமல் உள்ளே நீர் கட்டும், தடிமன் வந்தால் சீழ் வைக்கும். மகளுக்குச் செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழாய் வைத்தார்கள். அது விழுந்த பிறகு வலக்காதில் ஓட்டை மூடவேயில்லை.

உடனே அடைத்துவிடலாமே என்று கேட்டோம். நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாய் ஒழுங்காக வேலை செய்யாத வயதில் அடைத்தால் புதுச் சவ்வும் உள்ளே இழுபடலாம், காதும் சீழ் வடியாமல் காய்ந்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். எட்டு வயது வரை பொறுத்தோம். சத்திரசிகிச்சையை விட இந்தக் காத்திருப்புத்தான் கஷ்டம். முழுக வார்க்கும்போதெல்லாம் பஞ்சில் வாசலீன் பூசிக் காதை அடைக்க வேண்டும். கீரிமலைக் கேணியில் மச்சாள்மார் இறங்க, இவள் படியில் இருந்து அழுவாள்.

இடையில் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்ட் சதையை எடுக்கும் பேச்சும் வந்தது. இதில் மிகவும் கவனம். பேசும்போது காற்று மூக்கால் போகாமல் அண்ணம் போய் முட்டி மூடுவது அந்தச் சதையில்தான். அதை எடுத்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு மூக்கால் வரக்கூடும். தைத்த அண்ணம் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாமலும் போகும். ஆகவே எந்த டொக்டரிடம் போனாலும் பிளவு இருந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சத்திரசிகிச்சை முழு மயக்கத்தில். காது மடலிலிருந்தே மெல்லிய குருத்தெலும்பு எடுத்து ஓட்டையில் பொருத்தினார்கள். வழமையாகப் பொருத்தும் தசைச் சவ்வை விட அது விறைப்பானது, லேசில் உள்ளிழுபடாது என்பதால் இப்படியான பிள்ளைகளுக்கு அதை விரும்புவார்களாம். அரச ஆஸ்பத்திரி என்பதால் காசு கட்டவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மூக்கைச் சீறக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையில் தண்ணீர் படக்கூடாது. தும்மல் வரும்போதெல்லாம் அம்மம்மா "வாயைத் திற பிள்ளை!" என்று குசினியிலிருந்தே சத்தம் போடுவார்.

சில மாதம் கழித்துக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். வரைபடத்தில் வலக்காதைக் காட்டும் சிவப்பு வட்டங்கள் முன்பு கீழே கிடந்தவை, இம்முறை நன்றாக மேலேறியிருந்தன; மேலேறினால் கேட்பது கூடியிருக்கிறது என்று அர்த்தம். இடக்காதில் இன்னும் நீர் இருக்கிறது. அதற்காகக் கிளினிக் தொடர்கிறது. வகுப்பில் முன் வாங்கில் வலக்காது ரீச்சர் பக்கம் வருகிற மாதிரி இருத்தச் சொல்லிக் கடிதமும் கொடுத்திருக்கிறோம்.