5 ரூபா ரயில், 63 நாயன்மார், 300 ரூபா ஆட்டோ

ஆட்டோக்காரர் மேல இருக்கற கடுப்பு ஆறறதுக்குள்ள எழுதிடறேன். மயிலாப்பூர்ல இருந்து திருவான்மியூருக்கு 400 கேட்டாரு, கெஞ்சி 300க்கு வந்தேன். மதியம் அதே தூரத்துக்கு பறக்கும் ரயில்ல 5 ரூபா. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் திருவிழாக் கூட்டத்துல செருப்பு அறுந்து, வெறுங்கால்ல நிக்கறவன்கிட்ட பேரம் எடுபடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

சென்னை வந்து எட்டு மாசம். சம்பளத்துல பாதி பிஜி வாடகைக்கே போயிடறதால, காசில்லாம ஊர்ல எங்க என்ன நடக்குதுன்னு தேடறதே பொழப்பாப் போச்சு. டிசம்பர்ல நிறைய சபாவுல மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கெடையாது, ஆனா கேன்டீன் பக்கம் போனா மிச்சம் பண்ணதெல்லாம் காலி. ஜனவரில வடக்கு மாட வீதில கோலப்போட்டி, ஓசிதான். ஆனா பங்குனித் திருவிழால கபாலீஸ்வரர் கோயில் அறுபத்துமூவர் இருக்கே, அதான் நாயன்மார்ங்கற 63 சிவனடியார்களும் ஊர்வலம் வர்ற நாள், அது வேற லெவல். நான் மதுரைக்காரன், சித்திரைத் திருவிழா பாத்தவனுக்கு இதெல்லாம் என்னன்னு திமிராத்தான் போனேன்.

திருமயிலை ஸ்டேஷன்ல எறங்கி கோயில்கிட்ட போறதுக்குள்ள கையில மோர் திணிச்சுட்டாங்க, வேண்டாம்னாலும் விடறதில்ல, பத்தடி வச்சா பானகம், அப்புறம் தொன்னைல புளியோதரை, சுண்டல், சக்கரைப் பொங்கல், ஒரு பந்தல்ல கொதிக்கக் கொதிக்க சாம்பார் சாதம், தொன்னை சுடுது, கீழ வைக்க எடமில்ல, ஊதி ஊதி நின்னுக்கிட்டே முடிச்சேன். எங்க பிஜில மாசம் பூரா போடறத அந்த ஒரு தொன்னைக்கு ஈடு சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குன்னு பர்ஸ தொறந்தது ஒரு ரோஸ்மில்க்குக்கு மட்டும்தான்.

டிப்ஸ் வரிசையா எழுதணும்னு நெனச்சேன், விடுங்க, சாமி வந்துடுச்சு. நாயன்மார் எல்லாம் சின்னச் சின்ன செலைங்க, பல்லக்குல ஒண்ணாச் சேந்து உக்காந்து ஏதோ கல்யாணத்துக்கு வேன்ல போற சொந்தக்காரங்க மாதிரி வர்றாங்க, சிரிப்பு வந்துச்சு, கண்ணும் கலங்குச்சு.

பக்கத்துல நின்ன பாட்டிதான் பூம்பாவை கதைய சொன்னாங்க. பாம்பு கடிச்சு செத்துப்போன பொண்ணோட சாம்பல் இருந்த குடத்த முன்னாடி வச்சு, அந்த நாயன்மார்ல ஒருத்தரான சம்பந்தர் பதிகம் பாடினாராம். அதுல மயிலாப்பூர்ல எந்தெந்த மாசம் என்னென்ன விழான்னு ஒவ்வொண்ணாச் சொல்லி, இதையெல்லாம் பாக்காமயே போயிடுவியா பூம்பாவைன்னு கேக்கறாராம், பொண்ணு எழுந்து வந்துடுச்சாம். 1300 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊரு ஈவென்ட் லிஸ்ட் போட்டிருக்காங்கப்பா! பங்குனி உத்திரமும் அதுல இருக்கு.

"ஏம்ப்பா, திருவிழால மூணாம் நாள் விடியக்காலம்பற சாமி அதிகார நந்தி வாகனத்துல வந்தாரே, பாத்தியோ?"

"இல்ல பாட்டி, தூங்கிட்டேன்."

"அதப் பாக்காமயா?"

வர்ற வருஷத்துக்கு இப்பவே மொபைல்ல அலாரம் வச்சாச்சு. புதுச் செருப்பு மட்டும் இந்த மாசச் செலவுல.