பவேரிய மடத்தில் எனக்குக் கிடைத்த இடம்

பவேரியாவில் உள்ள ஒரு பெனடிக்டின் மடத்தில் துறவியாகச் சேர்ந்த எனக்கு, ஜெர்மன் மொழியையும் பனிக்காலத்தையும் விட, அங்கே யாருக்கு அடுத்து யார் என்ற முறை பிடிபடத்தான் நெடுநாள் ஆயிற்று. நம்மவர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கு நூலின் 63-ஆம் அதிகாரத்தில் அந்த முறையை வகுத்திருக்கிறார். மடத்துக்குள் வந்த நேரமே ஒருவருடைய வரிசையைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் மணி வேளையில் வந்தவர், வயதும் பதவியும் எதுவானாலும், முதல் மணி வேளையில் வந்தவருக்கு இளையவர்தான். மடத் தலைவர் தக்க காரணம் இருந்தால் ஒருவரை முன்பின்னாக மாற்றலாம். ஆனால் அடிமையாக இருந்து வந்தவரைவிடக் குடிப்பிறப்பு உள்ளவரை, அந்தப் பிறப்புக்காகவே உயர்த்தக் கூடாது என்று 2-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய ஊர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வரி உறைக்காமல் போகுமா?

எனக்குப் பின் சேர்ந்தவர் ஐம்பதை நெருங்கிய ஜெர்மானியர். வெளியே மருத்துவராக இருந்தவர். ஊரில் என்றால் சித்தப்பா முறை வைத்து அழைத்திருப்பேன். மன்றாட்டுக்கு இருவர் இருவராக உள்ளே போகும்போது அவர் கதவருகே நின்றுவிடுவார். பெரியவரை முந்திப் போகக் கூசி நானும் நிற்பேன். பின்னால் வரிசை தேங்கும். "நீ முன்னால் வந்தவன், நட" என்றார் ஒரு நாள், உபசாரமும் இல்லை, எரிச்சலும் இல்லை. பந்தி பரிமாறும் வாரம் வந்தால் அவரே சூப் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் தட்டருகே வருவார். நோயாளிகளும் முக்கியப் பணியில் இருப்பவர்களும் தவிர எவருக்கும் இந்த வேலையிலிருந்து விலக்கு இல்லை என்பது 35-ஆம் அதிகாரம்.

இதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னவர் முன்னவர்தான், பின்னவர் பின்னவர்தான். வரலாறும் அவ்வளவு நேர்த்தியானதல்ல. குருக்களான துறவிகளுக்கும் உழைப்புக்கென்று சேர்ந்த சகோதரர்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகளாகப் பெரிய இடைவெளி இருந்தது. சகோதரர்களுக்கு மடப் பேரவையில் வாக்கு இல்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் துறவறம் பற்றி வெளியிட்ட ஆணைக்குப் பிறகுதான் அந்தச் சுவர் இடியத் தொடங்கியது. குருப்பட்டம் பெறாத ஒருவர் மடத் தலைவர் ஆவதற்கு இன்றும் உரோமையின் தனி அனுமதி வேண்டும். அதற்கு முறையாக வழி திறந்ததே 2022-இல்தான்.

ஆனாலும் வந்தேறி ஒருவனுக்கு இந்த வரிசை தரும் நன்மை வேறு. விருந்தினனாகத் தங்கிய நாள்களில், வருகிற எவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்ற விதிப்படி எனக்கு நல்ல இடமும் முதல் கவனிப்பும் கிடைத்தன. நான் மிகவும் அந்நியனாக உணர்ந்ததும் அப்போதுதான். சேர்ந்த பின் கடைசி இருக்கையில் உட்காரவைத்தார்கள். அதன் பிறகு என் ஊரைப் பற்றி யாரும் பணிவாக விசாரிக்கவில்லை. பாட்டில் சுருதி தப்பினால் திரும்பிப் பார்த்தார்கள், உருளைக்கிழங்கு உரிக்கக் கூப்பிட்டார்கள். அந்த இருக்கை யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததல்ல என்பதால், அதற்காக நான் யாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கவும் தேவைப்படவில்லை.