மண்ணெண்ணெய்க் காலத்து அண்ணையும் என்ரை 5கே எஞ்சினும்

"டேர்போ போடு மச்சான், விசயம் முடிஞ்சுது" என்று சொல்லாத கூட்டாளி எனக்கு இல்லை. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளி வலுவைக் கூட்டுகிற டேர்போவைப் போடலாம்தான். போட்டால் அந்தக் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும், பெற்றோல் பம்ப் மாற வேண்டும், கிளச் தாங்காது, பிறகு கியர்பொக்ஸ். என் காரோ 1983ஆம் ஆண்டு கேஈ70 கொரோலா. அதில்தான் கிழமையில் ஐந்து நாள் வேலைக்குப் போகிறேன், அம்மாவை நல்லூருக்கும் கூட்டிப் போகிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களும் யானை விலையாகியிருந்தன, ஆகவே இதை வித்துவிட்டு வேறு பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. டேர்போ இல்லாமல் தானே மூச்சு விடுகிற எஞ்சினாக, கையில் இருக்கிற காசுக்கு ஒழுங்காக ஒன்றைக் கட்டுவோம் என்று முடிவெடுத்தேன்.

காருக்குள் இருந்தது 1290 சிசி 4கே எஞ்சின். சுன்னாகத்தில் மிதித்தால் இணுவில் வரை நீலப் புகை. கொம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம், பார்த்தபோது நாலு சிலிண்டரும் நாலு விதமாகக் காட்டின, மூன்றாவது 90 பீஎஸ்ஐ மட்டும்தான். அதைத் திருத்துகிற செலவுக்கு ஒரு 5கே வாங்கலாம் என்று பட்டது. பழைய லைட்ஏஸ் வானில் வந்த எஞ்சின், அதே கே குடும்பம், பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் உட்காரும். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஒன்று கிடைத்தது. எஞ்சின் நம்பர் மாறினால் வாகனப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்து, பிறகு அலைந்தேன்.

வேலை செய்தது எங்கள் ஊர்க் கராஜ் அண்ணைதான். அறுபது தாண்டிவிட்டார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராமல் இருந்தபோது ஒஸ்ரின் ஏ40 சொமசெட்டையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. சின்னப் போத்தலில் இருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது அமுக்கும்போது தானாகப் பற்றாமல் தாங்குகிற தன்மை, மிகக் குறைவு, கொம்பிரசன் கூடின எஞ்சினில் விட்டால் உள்ளே தட்டத் தொடங்கிவிடும். அந்தப் பழைய கார்களுக்குக் கொம்பிரசன் குறைவு என்பதால்தான் அவை தப்பிப் பிழைத்தன. "அப்ப கொம்பிரசனை எப்பிடிக் குறைக்கிறதெண்டு மண்டையைப் போட்டு உடைச்சனாங்கள், நீ கூட்டித் தா எண்டு வந்து நிக்கிறாய்" என்று சிரித்தார்.

முதல் பிழை என்னுடையது. தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போதும் என்று நினைத்து, பிஸ்டன் வருவதற்கு முன்னமே புளொக்கை லேத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கணக்குப்படி கடைந்து தந்தார்கள். பிஸ்டன் வந்த பிறகு அண்ணை உள்ளே இறக்கி, இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் அது சுளுவாகப் போய்வருகிறது. ஒன்றும் பேசாமல் கேஜைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். பிஸ்டனைக் கையில் வைத்து, அதை மைக்குறோமீற்றரில் அளந்து, அதற்கேற்றபடிதான் கடைய வேண்டும், பெட்டியில் எழுதியிருக்கிற நம்பரை நம்பிக் கடையக்கூடாது. கடைசியில் 1.00 ஓவர்சைஸ் போக வேண்டியதாயிற்று. சிலிண்டர் விட்டம் 81.5 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறியிறங்குகிற தூரம் (ஸ்ரோக்) அதே 73, ஆக 1523 சிசி. சிசி கூடினது லாபம்தானே என்று கூட்டாளிகள் சொன்னார்கள். இரண்டாவது செற் பிஸ்டனுக்கும் காசு கொடுத்தவன் நான்.

அடுத்தது கொம்பிரசன் விகிதம், அதாவது உள்ளே போன காற்றும் பெற்றோலும் எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது. இதுக்குத்தான் நான் ஆசைப்பட்டு உட்கார்ந்தேன். பாமசியில் 50 மில்லி ஊசி ஒன்று, ஒரு துண்டு பேஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரிப் பிளாஸ்ரிக்), கொஞ்சம் கிறீஸ். சிலிண்டர்களுக்கு மேலே மூடி மாதிரி இருக்கிற ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வும் பிளக்கும் பூட்டி, பேஸ்பெக்ஸை கிறீஸால் ஒட்டி, அதில் போட்ட சின்ன ஓட்டையால் நிறம் கலந்த தண்ணீரை ஊசியால் விட்டால் எரியறையின் கொள்ளளவு தெரியும். கடைசிக் காற்றுக் குமிழியை வெளியேற்ற ஹெட்டைச் சாய்த்துச் சாய்த்து ஒரு மணித்தியாலம் போனது. கேஸ்கெட்டின் தடிப்பும் பிஸ்டன் தலைக் குழியும் சேர்த்து 46 சிசி வந்தது. ஒரு சிலிண்டருக்கு 380.8 சிசி என்றால் விகிதம் 9.3க்குக் கிட்ட. நான் கேட்டது 9.8, அதற்கு 2.7 சிசி குறைய வேண்டும், எங்கள் ஹெட்டில் அது ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர் சீவல். ஏன் 10.5க்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். நான் அடிப்பது ஒக்ரேன் 92, ஓடுவது சித்திரை வெயிலில், ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் நாலாம் கியரில் இழுத்துக்கொண்டு போகிற பழக்கமும் எனக்கு உண்டு.

வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற கேமை மாற்றவில்லை. இதில் கூட்டாளிகளுடன் சண்டையே வந்தது. பெரிய கேம் போட்டால் 5000 ஆர்பிஎம்முக்கு மேலே பாடும், உண்மைதான். ஆனால் கீழே இழுவை செத்துப்போகும், ஐடில் குலுங்கும், எரியாத பெற்றோல் சைலன்சரால் வெளியே போகும். வருடாவருடம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டுமே, அங்கே போய் யாரிடம் கெஞ்சுவது? அந்தக் காசை ஹெட்டில் போட்டேன்: புது வால்வு கைட், சீற்றில் மூன்று கோண வெட்டு, ஹெட்டில் காற்று போகிற போர்ட்டும் அதோடு பூட்டுகிற மனிபோல்டும் கேஸ்கெட்டின் விளிம்போடு ஒரே கோட்டில் வரும்படி உராய்வு. போர்ட்டை அகலமாக்கவில்லை, அகலமாக்கினால் காற்றின் வேகம்தான் போகும். கேம் புளொக்குக்குள் இருப்பதால் ஹெட்டைச் சீவியும் வால்வு ரைமிங் மாறாது, அது இந்தப் பழைய எஞ்சினின் வசதி. ஆனால் கேமிலிருந்து மேலே தள்ளுகிற புஷ்றொட் அந்த 0.7 அளவுக்கு நீளமாகிவிட்ட மாதிரி, ஆகவே வால்வை அமுக்குகிற றொக்கரை மறக்காமல் திரும்ப அட்ஜஸ்ற் பண்ண வேண்டும்.

புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுதியான எக்ஸோஸ்ற் ஹெடரைக் கேற் ஒட்டுகிற ஒரு தம்பிதான் செய்து தந்தான். ஒன்றாம் நாலாம் சிலிண்டர்கள் ஒரு சோடி, இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்கள் ஒரு சோடி, பிறகு இரண்டு சோடியும் சேர்ந்து ஒரு குழாய். கே எஞ்சினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம், காபரேற்றர் எக்ஸோஸ்ற்றின் தலைக்கு மேலேயே குந்தியிருக்கும். எங்கள் வெயிலுக்கு அது போதாதா! தகரத்தில் ஒரு மறைப்பு வெட்டிப் போட்டோம். அதற்கு முன் மத்தியானத்தில் நிறுத்தி எடுத்தால் ஸ்ராட் எடுக்கவே அழும்.

ஆயிரம் கிலோமீற்றர் றன்னிங்குக்குப் பிறகு கொம்பிரசன் மூன்றில் 180, ஒன்றில் 175. நாலாம் கியரில் 30இலிருந்து 70 வர முன்பு 19 செக்கன், இப்போது 13, ஃபோனில் பார்த்தது. குதிரைவலு கேட்டால் தெரியாது, அளக்க இங்கே மெசின் இல்லை.

கடைசியாக, பிளக் பொறி விடுகிற நேரத்தைச் (ரைமிங்) சரியாக வைக்க அண்ணையே ஓட்டினார். ஆனையிறவு நீட்டு றோட்டில் கண்ணாடியை இறக்கி, ரேடியோவை நிறுத்தி, நாலாம் கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று மிதிப்பார், காதைச் சாய்ப்பார். மெல்லிய தட்டுச் சத்தம் ஒன்று வந்தது, எனக்குக் கேட்கவில்லை. ஓரங்கட்டி டிஸ்ரிபியூற்றரை ஒரு நூல் பின்னுக்குத் திருப்பினார். இரண்டு தரம் அப்படிச் செய்த பிறகு பொனற்றைச் சாத்திக் கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இனி உதுக்கு மண்ணெண்ணெய் விட்டா ஓடாது, தெரியுந்தானே?" என்றார்.