காலில் தையல் போட்டவர்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பிஸிஷியன் அசிஸ்டென்டாக இருக்கிறேன். டாக்டரின் மேற்பார்வையில் சிகிச்சைக்கு உதவும் வேலை, சுருக்கமாக பி.ஏ. என்பார்கள். டாக்டர், நர்ஸ் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வேலையை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் முதலிலிருந்து விளக்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பத்தில் ஒரு பெரியவர், "அந்தக் காலத்துக் கம்பவுண்டர் மாதிரியாம்மா?" என்று கேட்டார். இளக்காரமாகக் கேட்கவில்லை. பாபநாசம் பக்கம் அவர் வளர்ந்த ஊரில் டாக்டருக்கு அடுத்து அவர் பார்த்த ஆள் கம்பவுண்டர்தான். ஆனால் அப்பாவின் முகம் வாடிவிட்டது. மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி என்று சென்னையில் வைத்துப் படிக்க வைத்தவர் அவர்.

பைபாஸ் என்றால் எல்லோருக்கும் நெஞ்சுதான் ஞாபகம் வரும். சர்ஜன் நெஞ்செலும்பைத் திறக்கும் அதே நேரத்தில் காலில் இன்னொரு வேலை நடக்கும். கணுக்காலிலிருந்து தொடை வரை ஓடும் ரத்தக் குழாயை, நசுங்காமல், இழுபடாமல், கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டிப் பிரித்தெடுக்க வேண்டும். அதைத்தான் இதயத்தில் அடைப்பைத் தாண்டிப் புதுவழியாகத் தைப்பார்கள். எங்கள் பிரிவில் அதை எடுப்பதும், காலைத் தைத்து மூடுவதும் பி.ஏ.க்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் மேலே எவ்வளவு நன்றாகத் தைத்தும் பயனில்லை. நோயாளி மயக்கத்தில் இருப்பார், குடும்பம் வெளியே உட்கார்ந்திருக்கும். இதைச் செய்தது யார் என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.

1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் தொடங்கிய படிப்பு இது. டாக்டர்கள் போதவில்லை, கடற்படையில் காயங்களுக்குச் சிகிச்சை பார்த்துப் பழகியவர்களோ ஊர் திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத்தான் முதலில் சேர்த்தார். இந்தியாவுக்கு 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் வழியாக வந்தது, கொண்டுவந்தவர் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன். அதனால் இதய அறுவை அரங்கு எங்களுக்குப் பிறந்த வீடு மாதிரி. முப்பது வருஷம் தாண்டியும் சென்னைக்கு வெளியே வந்தால் கம்பவுண்டரா என்ற கேள்விதான்.

அப்புறம் கூப்பிடும் விதம். என்னோடு வேலை பார்க்கும் ஜூனியர் தம்பியும் நானும் ஒரே நிறக் கோட்டுதான் போடுகிறோம். வார்டில் அவன் நுழைந்தால் "வாங்க டாக்டர்" என்பார்கள். நான் நுழைந்தால் "சிஸ்டர், பாட்டில் தீந்துபோச்சு." சிஸ்டர் என்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க ஐ.சி.யு.வில் கண் கொட்டாமல் நிற்கும் நர்ஸ்களை நான் பார்க்கிறேன். என் வருத்தம் வேறு. என்ன படித்திருக்கிறோம் என்று கேட்காமல், ஆணா பெண்ணா என்று பார்த்து வேலையை முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டு பேரையும் திருத்த வேண்டும் என்பது என் கட்சி. தன்னை டாக்டர் என்று கூப்பிட்டால் தம்பியும் உடனே "நான் டாக்டர் இல்லைங்க, டாக்டரோட டீம்ல பி.ஏ." என்று சொல்லியாக வேண்டும். தன் உடம்பைத் தொடுகிறவர் யார் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. போர்டு மாட்டி ஊசி போடும் போலி டாக்டர்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிற மாநிலத்தில் நாங்கள் இதில் தளர்ந்தால், எங்கள் படிப்புக்கே கெட்ட பெயர்.

மே 12 நர்ஸ்கள் தினம், ஜூலை 1 டாக்டர்கள் தினம். இரண்டு நாளும் எங்கள் மருத்துவமனையில் கேக் வெட்டுவார்கள். இரண்டு விழாவிலும் எங்களுக்கு நாற்காலி கிடையாது. அந்த நேரத்தில் வார்டில் நிற்பது நாங்கள்.

மரியாதை எங்கே கிடைக்கிறது என்றால், டிஸ்சார்ஜ் அன்று. "கடின வேலை கூடாது" என்று சம்மரியில் அச்சாகியிருக்கும். திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயிக்கு அதில் என்ன புரியும்? வரப்பில் நடந்துபோய் மடை திறந்துவிடுவதை அவர் வேலையாகவே நினைப்பதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு சொல்வேன்: நெஞ்செலும்பு சேர மூணு மாசம் ஆகும், மூட்டை தூக்காதீங்க, மண்வெட்டி தொடாதீங்க, பைக் ஓட்டாதீங்க. கால் தையல் நல்லா ஆறுற வரைக்கும் சேத்துல இறங்கவே கூடாது. உடம்பு வலின்னு மெடிக்கல்ல செட் மாத்திரை வாங்கிப் போட்டுடாதீங்க. வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள், அதோடு வலி மாத்திரை சேர்ந்தால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விட்டுவிடும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து கடைமடைக்கும் தண்ணீர் வந்துவிட்டால் எந்த அட்வைஸும் நிற்காது. அதனால் அந்தச் சமயத்தில் நானே போன் போட்டுக் கேட்பேன். "பாப்பா சொன்னா சரியா இருக்கும்" என்று ஒரு தாத்தா தன் மகனிடம் சொல்வது போனில் கேட்டது. என் பதவியின் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது.

அதற்காக இதுவே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் எங்கள் தொழிலும் இருக்கிறது. மாநிலந்தோறும் கவுன்சில், பதிவேடு வேண்டும் என்றும் அது சொல்கிறது. எனக்கு அந்தப் பதிவு வேண்டும், என் எல்லை எது என்பதும் அதோடு சேர்த்துத் தெளிவாக வேண்டும். மருந்து எழுதும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. டாக்டர் கையெழுத்துப் போடட்டும், பொறுப்பு அவருடையது.

நான் கேட்பது சின்னது. ஆபரேஷன் குறிப்பில் காலில் குழாய் எடுத்த பி.ஏ.வின் பெயர் வர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் தயாரித்தவர் பெயர் வர வேண்டும். துறைத் தலைவரிடம் இரண்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாவதற்கு ஒப்புக்கொண்டார். இரண்டாவதை நிர்வாகத்திடம் பேச வேண்டுமாம். அடுத்த மீட்டிங்கில் மறுபடியும் கேட்பேன்.