ஆறாவது நாள் கணக்கு

ஜூன் வந்தாலே மூணாறு பக்கத்து எஸ்டேட் தமிழ்வழிப் பள்ளிகளில் ஒரு பதற்றம். கேரளத்தில் ஆறாவது வேலைநாளன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்துத்தான் அந்த வருஷத்து ஆசிரியர் பணியிடம் முடிவாகும். அதனால் எங்க ஊர் டீச்சர் கொட்டுற மழையில் குடையோடு லயம் லயமா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏறி இறங்குறாங்க. "அக்கா, பாப்பாவை நம்ம ஸ்கூல்லயே போடுங்க, நான் பாத்துக்கிறேன்." அந்த அக்காவோ பிள்ளையைத் தமிழ்நாட்டுப் பக்கம் போடியில் பாட்டி வீட்டில் விட்டு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாச்சு. அவங்களைக் குறை சொல்லவும் மனசு வரல.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 ஆனால் 3. ஒரே ஒரு பிள்ளை! அரசுப் பள்ளிகளுக்கு வரும் சமக்ர சிக்ஷா (மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டம்) மானியமும் அப்படித்தான்: 31 முதல் 100 பேர் வரை 25,000 ரூபாய், 30 ஆகிவிட்டால் 10,000. பிள்ளை குறைஞ்சா கூரை ஒழுகுறது நின்னுடுமா? கரண்ட் பில்தான் பாதியாகுமா?

லயங்களில் இப்போ ஜார்கண்ட், அசாம் குடும்பங்கள் நிறைய. தமிழ்வழி வகுப்பில் அவங்க பிள்ளைகளை உட்கார வைக்கிறது லேசில்லை (மலையாளமும் அவங்களுக்குப் புதுசுதான்). தோட்டத்து ஆட்கள் மாறுறதுக்கு டீச்சர் என்ன செய்வாங்க? மலைப்பகுதி மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்காவது இந்த வரம்பைத் தளர்த்துங்க சார்.